ஹைபிரிட் எஸ்யூவி: பெரிய பேட்டரிக்குப் பயப்படும் முன் சின்ன பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி கேட்டவர் முதல்முறையாக ஒரு ஹைபிரிட் எஸ்யூவி, அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி, வாங்கியிருக்கிறார். பேட்டரி எத்தனை வருடம் வரும், மைலேஜ் எடுக்க எப்படி ஓட்ட வேண்டும், சர்வீஸில் தனியாக எதைக் கேட்டுச் செய்ய வேண்டும், தேங்கிய தண்ணீரில் இறக்கலாமா, பெரிய பேட்டரி பலவீனமானால் என்ன செய்வது என்று நாலைந்து கேள்விகளை அடுக்கியிருக்கிறார். சேர்த்துப் படித்தால் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: இத்தனை வோல்ட் ஓடும் வண்டியை நம்பிக் குடும்பத்தோடு பத்து வருடம் ஓட்டலாமா, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? ஓட்டலாம். செய்ய வேண்டியவை பெரும்பாலும் சின்ன வேலைகள். அவற்றை விட்டுவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் பட்டறையில் பல வருடமாக ஹைபிரிட் வண்டிகளில் வேலை பார்க்கிறேன், உயர்மின்னழுத்தப் பயிற்சியும் எடுத்தவன். என் கைக்கு அதிகம் வந்தவை, வயர் செருகி சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத ஃபுல் ஹைபிரிட்கள். கீழே சொல்வதை அவற்றை மனதில் வைத்தே படியுங்கள். வயர் செருகிச் சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் வகைக்கும் பெரும்பாலானவை பொருந்தும். 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் என்றால் பாதி பொருந்தாது, ஏனென்றால் அதில் மோட்டார் தனியாக வண்டியை இழுப்பது அரிது. எண்கள் என்று வரும்போது உங்கள் மாடலின் கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை.

முதலில் மோட்டாரை இயக்கும் பெரிய பேட்டரி. ஃபுல் ஹைபிரிட் எஸ்யூவிகளில் அது பெரும்பாலும் 1 முதல் 2 யூனிட் மின்சாரம் பிடிக்கும் அளவுதான். கம்ப்யூட்டர் அதை முழுதாக நிரப்பாது, முழுதாகக் காலியாக்கவும் விடாது. ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆயுளின் ரகசியம் இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. முதல் ஹைபிரிட் எஸ்யூவியான ஃபோர்டு எஸ்கேப் ஹைபிரிட் 2004-ல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் டாக்ஸியாக ஓடிய சில எஸ்கேப்கள் 3 லட்சம் மைலைத் தாண்டின. அதற்காக உங்கள் வண்டியும் அவ்வளவு தூரம் போகும் என்று நான் எழுதித் தர முடியாது. பல நாடுகளில் தரும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பதும் ஆயுள் கணக்கு இல்லை, தயாரிப்பாளர் துணிந்து தரும் குறைந்தபட்ச உறுதி. யாராவது வருடம் குறித்து ஜோசியம் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் சொல்லலாம்: பேட்டரிக்கு எமன் சூடு.

அந்தச் சூட்டை வெளியேற்றும் வழியை நாமே அடைத்து வைக்கிறோம். காற்றால் குளிரும் பேட்டரி உள்ள வண்டிகளில், பின் சீட்டுக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ பிளாஸ்டிக் கிரில் போட்ட ஒரு துவாரம் இருக்கும். நீங்கள் உட்காரும் அறையின் ஏசி காற்றை உறிஞ்சித்தான் பேட்டரி குளிர்கிறது. அதன்மேல் போர்வை, பை, குழந்தையின் பொம்மை என்று எதையாவது சாத்தி வைத்திருப்பார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மெல்லிய வலை. அதில் தலைமுடி, நாய் ரோமம், பஞ்சு, பிஸ்கட் தூள் எல்லாம் கலந்து சாம்பல் நிறத்தில் தடித்துப் படிந்திருக்கும். விரலால் உரித்தால் ஒரே தாளாகக் கையோடு வரும். இது வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை. செல்லப் பிராணி இருக்கும் வீடு என்றால் இன்னும் அடிக்கடி செய்யுங்கள். பின் சீட் பக்கம் விசிறிச் சத்தம் முன்பைவிடக் கூடியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். உங்கள் பேட்டரி திரவத்தால் குளிரும் வகை என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை.

இனி சின்ன பேட்டரி, அந்த 12 வோல்ட் பெட்டி. ஹைபிரிட் வண்டி கிளம்பவே மாட்டேன் என்கிறது என்று வரும் அழைப்புகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், சந்தேகம் பெரும்பாலும் வீண்போகாது. பொத்தானை அழுத்தினால் வண்டிக்குள் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கவனித்திருப்பீர்கள். அது பெரிய பேட்டரியை மற்ற பாகங்களோடு இணைக்கும் ரிலே. அந்த ரிலேவுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் 12 வோல்ட்தான் உயிர். அது செத்துவிட்டால் பின்னால் 200 வோல்ட் நிறைந்து கிடந்தும் பயனில்லை, வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வராது. சாதாரண வண்டியில் பேட்டரி பலவீனமானால் செல்ஃப் இழுத்து இழுத்து ஓடும், அதுவே முன்னறிவிப்பு. பெரும்பாலான ஃபுல் ஹைபிரிட்களில் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது, இன்ஜினைச் சுழற்றுவது உயர்மின்னழுத்த மோட்டார். அதனால் நேற்றுவரை ஒழுங்காகக் கிளம்பிய வண்டி இன்று காலை திடீரென்று படுத்துவிடும். அதற்கு முன்னால் சிலசமயம் திரையில் சம்பந்தா சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வந்து போகும். பார்த்தவர்கள் பெரிய பேட்டரி போய்விட்டது என்று அலறுவார்கள்.

மூன்று வருடம் தாண்டியதும் வருடத்துக்கு ஒருமுறை 12 வோல்ட் பேட்டரியைச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது. மாற்றும்போது அதே வகையைத்தான் போட வேண்டும். பேட்டரி பின் சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் அமிலம் சிந்தாத ஏஜிஎம் வகையும், வாயுவை வெளியேற்ற ஒரு சின்னக் குழாயும் இருக்கும். அந்த இடத்தில் மலிவான சாதாரணப் பேட்டரியைப் போட்டால் அதன் வாயு நீங்கள் உட்காரும் அறைக்குள்தான் வரும். நிறுத்திய வண்டியில் 'ரெடி' ஆக்காமல் ஆக்சஸரி நிலையில் பாட்டுக் கேட்டால் கரைவது இந்தச் சின்ன பேட்டரிதான். 'ரெடி'யில் இருந்தால் பெரிய பேட்டரி, வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்டர் வழியாக இதற்குச் சார்ஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். டேஷ்கேமை இரவெல்லாம் ஓட விடுபவர்களும் இதைக் கவனிக்கவும். வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்க வேண்டி வந்தால் கம்ப்யூட்டர்களை எழுப்பும் அளவு மின்சாரம் போதும், சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டரே வேலையை முடித்துவிடும். பிளஸ், மைனஸ் மாறினால் மட்டும் செலவு பெரிதாகும். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஜம்ப் கொடுக்கும் முன் கையேட்டைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு.

சரி, மைலேஜ். மோட்டாரில் மட்டும் ஓடுகிறது என்று காட்டும் 'ஈவி' விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வதே சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். பின்னால் ஹாரன் அடித்தாலும் விடாமல் ஊர்ந்து போவார்கள். ஃபுல் ஹைபிரிட்டில் பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரமும் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். இன்ஜினில் இருந்து ஜெனரேட்டர், அங்கிருந்து பேட்டரி, மறுபடி மோட்டார் என்று போகும் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சிந்தும். உண்மையில் மிச்சமாவது பிரேக்கில். 1,800 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 250 கிலோஜூல். சாதாரண வண்டியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இது டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. ஹைபிரிட்டில் மோட்டார் இதில் நல்ல பங்கை மின்சாரமாகத் திருப்பி எடுக்கும், ஆனால் அது வாங்கிக்கொள்ளும் வேகத்துக்கு ஓர் அளவு உண்டு. தூரத்திலேயே சிக்னலைப் பார்த்துக் காலை எடுத்து, மென்மையாக, நீளமாகப் பிரேக் பிடித்தால் பேட்டரிக்குப் போகும். கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் மிச்சம் டிஸ்க்குக்கு. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி விடுவது பாதுகாப்புக்கு என்று சொல்வார்கள். ஹைபிரிட்டில் அதுவே மைலேஜும்.

கிளம்பும்போது பயந்து பயந்து மிதிக்க வேண்டியதில்லை. நடுத்தரமாக மிதித்து வேண்டிய வேகத்தை எட்டிவிட்டு, காலைக் கொஞ்சம் தளர்த்தினால் பல வண்டிகளில் இன்ஜின் அணையும். சமதரையில் வேகத்தைப் பிடித்து வைக்க மோட்டாரே போதும். குளிர்ந்த இன்ஜின் முதல் சில நிமிடம், பேட்டரி எவ்வளவு இருந்தாலும், புகைபோக்கியில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைச் சூடாக்க ஓடித்தான் தீரும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டங்களில் மைலேஜ் கேவலமாக வருவது இதனால்தான், வண்டியில் கோளாறு இல்லை. வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடிப்பது நல்லது. நெடுஞ்சாலையில் ஹைபிரிட்டின் சாமர்த்தியம் குறைந்துவிடும். அங்கே பிரேக்குக்கு வேலை இல்லை, எதிரி காற்றுதான், அதன் தடை வேகத்தின் இருமடியாகக் கூடும். எஸ்யூவி முன்பக்கம் அகலமானது என்பதால் அடி இன்னும் பலம். கூரைமேல் பெரிய பெட்டி கட்டினால் வேகமான நெடுஞ்சாலையில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜ் போகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். டயர் அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் போகும் என்பதும் அவர்கள் கணக்கு. சின்ன எண்தான், ஆனால் நான்கு டயரும் 8 பிஎஸ்ஐ குறைந்து ஓடும் வண்டிகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஹைபிரிட் கொஞ்சம் கனமும் கூட, அதனால் காற்றைக் குறைத்து ஓட்டினால் டயர் ஓரம் சீக்கிரம் தேயும்.

மலை இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். அதே 1,800 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 5 யூனிட். ஒன்றரை யூனிட் பேட்டரியில், பாதிக்கு மேல் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நிலையில், காலி இடம் அரை யூனிட்கூட இருக்காது. ஆக, இறக்கம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பேட்டரி நிறைந்துவிடும், மோட்டார் பிரேக் உதவி குறையும், முழு பாரமும் டிஸ்க்கின் தலையில் விழும். தொடர்ந்து மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். இதற்குத்தான் கியர் தேர்வில், பார்க்கிங் (P) அல்லாத, 'பி' (B) என்ற நிலை இருக்கிறது. பல வண்டிகளில் அது பெட்ரோல் செலவில்லாமல் இன்ஜினைச் சுழல வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். இன்ஜின் ஓங்கிக் கத்தும், பயப்பட வேண்டாம். நகரத்தில் 'பி'யில் ஓட்டினால் அதிகம் சார்ஜ் ஏறும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படி வடிவமைத்த மாடல்கள் சில உண்டு, ஆனால் இன்ஜினைச் சுழற்றும் வகையில் அது திருப்பி எடுக்க வேண்டியதை வீணடிப்பதுதான். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நெரிசலில் நியூட்ரலில் போட்டுக் காத்திருப்பதும் வேண்டாம். பல ஃபுல் ஹைபிரிட்களில் நியூட்ரலில் இருக்கும்போது இன்ஜின் ஓடினாலும் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பிரேக் பேட் ஹைபிரிட்டில் ரொம்ப நாள் வரும். அதுதான் சிக்கலும். தேயவில்லை என்பதால் யாரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதில்லை. அதிகம் வேலை செய்யாத டிஸ்க்கில் துரு ஏறும், பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிபர் நகரும் பின்கள் உள்ளே இறுகிவிடும். வெளிப்பேட் புதிது மாதிரி இருக்க, உள்பேட் இரும்பு வரை தேய்ந்து கிடப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன், அதிலும் பின்சக்கரத்தில். வருடத்துக்கு ஒருமுறை நான்கு சக்கரத்தையும் கழற்றி, பின்களைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் ஓடிய தூரத்தைப் பார்ப்பதில்லை, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கையேடு சொல்லும் இரண்டு அல்லது மூன்று வருடக் கணக்கில் மாற்றுங்கள். இன்னொன்று: டிரைவர் கதவைத் திறந்ததும் 'விர்' என்று ஒரு சத்தம் வருகிறதா? அது பிரேக் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். ஹைபிரிட் தெரியாத மெக்கானிக் கேலிபருக்குள் விரலை வைத்திருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேட் மாற்றும் முன் அந்த அமைப்பைச் செயலிழக்கச் செய்ய முறை இருக்கிறது, அது தெரிந்தவரிடமே கொடுங்கள்.

ஏசி விஷயத்திலும் அதே எச்சரிக்கை. பெரும்பாலான ஃபுல் ஹைபிரிட்களின் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர்மின்னழுத்தத்தில் ஓடுகிறது, மோட்டாரும் எண்ணெயும் ஒரே கூட்டுக்குள். அதனால் மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரண வண்டிகளுக்கான பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு குறையும், வண்டி மின்கசிவு எச்சரிக்கை காட்டி மடக்கிவிடும், கம்ப்ரஸரையே மாற்றும் நிலை வரும். கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் பழைய எண்ணெய் தங்கியிருந்தாலே போதும். 'ஹைபிரிட்டுக்குத் தனி எண்ணெய் வைத்திருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். முழித்தால் வேறு இடம் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. இன்ஜின் ஆயில் கையேட்டில் சொன்ன கிரேடுதான், பெரும்பாலும் 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20. இன்ஜின் பாதி நேரம்தான் ஓடுகிறது என்று கணக்குப் போட்டு ஆயில் மாற்றத்தைத் தள்ளாதீர்கள். அணைந்து அணைந்து எரியும் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமலே போகலாம், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும். கூலன்ட் பல வண்டிகளில் இரண்டு தொட்டி, ஒன்று இன்ஜினுக்கு, மற்றது பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்டருக்கு. இன்வெர்டர் தொட்டியைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வண்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டின் அளவையும் பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்ஜெக்டர் கிளீனர், பெட்ரோலில் கலக்கும் மருந்து என்று பில்லில் ஏற்றுவார்கள். அது ஓடும் வண்டிக்குப் பெரிய நன்மை செய்து நான் பார்த்ததில்லை, கெடுதலும் பார்த்ததில்லை.

இனி உயிர் சம்பந்தப்பட்டவை. வண்டி சத்தமில்லாமல் நிற்கிறது என்பதற்காக அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 'ரெடி' எரிந்தால் அது ஓடும் வண்டி. இறக்கத்துக்கான 'பி' (B) நிலையைப் பார்க்கிங் என்று நினைத்துவிடாமல், பார்க்கிங் (P) போட்டு, பவர் பொத்தானை அழுத்தி, விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்குங்கள். மூடிய கேரேஜில் 'ரெடி'யில் விட்டுப் போனால் சற்று நேரத்தில் இன்ஜின் தானாக எழுந்து ஓடும், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. குறைந்த வேகத்தில் வண்டி எழுப்பும் செயற்கைச் சத்தத்தை எரிச்சலாக இருக்கிறது என்று வயரைப் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் அது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் ஹைபிரிட், மின்சார வண்டிகள் எல்லாவற்றிலும் அது கட்டாயம்.

தண்ணீரில் இறக்கினால் ஷாக் அடிக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. உயர்மின்னழுத்தச் சுற்று வண்டியின் உடலோடு இணைக்கப்படவில்லை, மின்கசிவு தெரிந்தால் கம்ப்யூட்டர் எச்சரிக்கும். அதனால் வண்டியைத் தொட்டவுடன் ஷாக் அடிக்கும் என்பது மிகை. உண்மையான ஆபத்து வேறு. மோட்டாரில் அமைதியாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் தன் இஷ்டத்துக்கு எழும், அப்போது காற்றுக் குழாயில் தண்ணீர் இருந்தால் இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எஸ்யூவி உயரம் என்ற தைரியம் இங்கே செல்லாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை 'ரெடி' ஆக்கிப் பார்க்காதீர்கள், கட்டிடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். கடல்நீர் என்றால் இன்னும் கவனம். 2012 அக்டோபரில் சாண்டி புயலில் நியூவார்க் துறைமுகத்தில் நின்ற 16 ஃபிஸ்கர் கர்மா பிளக்-இன் ஹைபிரிட்கள் எரிந்தன. நிறுவனம் சொன்ன காரணம் பெரிய பேட்டரி இல்லை, 12 வோல்ட்டில் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உப்புநீர் புகுந்து ஏற்பட்ட ஷார்ட்.

வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்காதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். முழு வண்டியும் ஏறும் தட்டு லாரியைக் கூப்பிடுங்கள். பின்சக்கரத்துக்குத் தனி மோட்டார் உள்ள ஆல்-வீல் வகையில் இது கண்டிப்பு. விபத்தில் ஏர்பேக் விரிந்தால் ரிலே தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆனாலும் ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகும் இன்வெர்டரின் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கும் என்பதால் நாங்களே கையுறை போட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரில் அளந்துவிட்டுத்தான் தொடுவோம்.

வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திறந்த வெளியில், அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். சும்மா 'ரெடி'யில் வைப்பதைவிட ஓட்டுவது நல்லது, பிரேக் டிஸ்க்கின் துருவும் போகும். பிளக்-இன் என்றால் எப்போதாவது இன்ஜினையும் ஓட விடுங்கள், டாங்கில் பெட்ரோல் பழசாகக் கிடக்கக் கூடாது.

கடைசியாக, பெரிய பேட்டரி உண்மையிலேயே பலவீனமானால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் பல மாட்யூல்களில் (சிறு பேட்டரித் தொகுதிகளில்) கெட்டதை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களைப் பற்றி எங்கள் தொழிலிலேயே இரண்டு கருத்து உண்டு. என் கருத்து, வண்டியை விற்கப் போகிறவருக்கு அது லாபம், வைத்து ஓட்டப் போகிறவருக்கு இல்லை. பழைய மாட்யூல்களுக்கு நடுவே புதியதை வைத்தால் சமநிலை குலைந்து, சில மாதத்தில் பக்கத்தில் இருப்பது விழும். மொத்தமாக எல்லா மாட்யூலையும் அளந்து, ஒரே திறன் உள்ளவற்றைச் சேர்த்து, எழுத்தில் வாரண்டி கொடுப்பவர் என்றால் யோசிக்கலாம். அதற்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்கு அடுத்த சர்வீஸில் பேட்டரி நிலை அறிக்கையை அச்செடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு மாட்யூலின் வோல்டேஜும் அதில் இருந்தால் நல்லது. வருடாவருடம் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டே வந்தால், பின்னால் வாரண்டிப் பேச்சு வரும்போது வாய்ச்சண்டைக்கு வேலை இருக்காது.